மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியும் அவசரக் கையும்



தம்பி, சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகு உன்னிடம் அதிகம் வரப்போகும் புகார் ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்குது’ என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் கை கார்ப்ரேட்டர் பக்கம் போகும். இறக்கி, பெட்ரோலில் அலசி, காற்றடித்து மாட்டினால் சில வண்டிகள் சரியாகியும் விடும். அப்படிச் சரியாவதுதான் ஆபத்து என்பது என் கட்சி. கார்ப்ரேட்டரை இறக்கி ஏற்றுவது ஒரு வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே ஐந்தாறு வேலைகள் நடக்கின்றன. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் வெளியே போகிறது. மேனிஃபோல்ட் ரப்பர் நகர்ந்து வேறு மாதிரி பதிகிறது, கிளிப் இறுகுகிறது. மடிந்து கிடந்த பெட்ரோல் டியூப் நிமிர்கிறது. கை இடித்ததில் பக்கத்து வயர் கப்ளர் அசைந்து, பாசி பிடித்த முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. இதற்கிடையில் என்ஜினும் ஆறிவிடுகிறது. இத்தனையில் எது குணமாக்கியது என்று உனக்குத் தெரியாது. ஆனாலும் ‘ஜெட் அடைப்பு’ என்று பார்ட்டியிடம் சொல்லிவிடுவாய். அடுத்த வண்டிக்கும் அதையே நம்புவாய். உண்மையில் கப்ளர்தான் காரணம் என்றால், மேடு பள்ளத்தில் நாலு நாள் ஓடியதும் வண்டி உன் வாசலிலேயே வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, பித்தளையோ மெத்தென்ற உலோகம். கிளட்ச் கேபிள் இழையை விட்டு அதைக் குத்தியவன், இல்லாத கோளாறு ஒன்றைப் புதிதாகச் செய்து வைக்கிறான்.

எப்போது மிஸ் ஆகிறது என்பதை முதலில் பிடி, ஸ்பேனர் பிறகு. என்ஜின் ஓட கம்ப்ரெஷன், சரியான கலவை, உரிய நேரத்தில் பொறி மூன்றும் வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த மூன்றில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய வேளையில்தான் தோற்கும் என்பதைத்தான் பட்டறைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பொறியை எடுத்துக்கொள். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்துக் கிக்கர் அடித்து, நீலமாகப் பொறி விழுவதைப் பார்த்து ‘கரண்ட் நல்லா இருக்கு’ என்று முடிவு கட்டுவது நம் வழக்கம். அந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். இரு முனைகளுக்கு நடுவே பொறி தாண்டத் தேவையான வோல்டேஜ், இடைவெளியோடும் நடுவிலுள்ள காற்றின் அழுத்தத்தோடும் சேர்ந்து மாறும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889இலேயே அளந்து காட்டிவிட்டார். வெளிக்காற்றில் 0.7 மி.மீ. பிளக் இடைவெளியைத் தாண்ட மூவாயிரம் வோல்ட் அளவு போதும். சிலிண்டருக்குள் காற்று ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக நசுங்கிக் கிடக்கையில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கினால் சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் காற்று புகும், அழுத்தம் ஏறும், தேவையும் ஏறும். ஆகவே தளர்ந்துபோன ஹெச்.டி. காயிலோ கீறல் விட்ட பிளக் கேப்போ ஐடிலிங்கில் பேசாமல் இருக்கும். பின்னால் ஆளை ஏற்றி மேம்பாலம் ஏறும்போது திக்கும். பார்ட்டி அதை ‘பெட்ரோல் பத்தாத மாதிரி இருக்கு’ என்பார், நீயும் கார்ப்ரேட்டரை இறக்குவாய். வெளியே ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட வைக்கும் சோதனைக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள். அதைத் தாண்டும் பொறியை ஓரளவு நம்பலாம். சிடிஐ வண்டியில் பிளக் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக்கர் அடிக்காதே, காயில் உள்ளுக்குள்ளேயே பழுதாகலாம். பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பொறியை அதன் பக்கத்தில் விழ வைக்காதே. விளக்கணைத்த பட்டறையில் என்ஜினை ஓடவிட்டு வயர் மீது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், கசியும் இடம் தானே மினுங்கும்.

மற்றவையும் இப்படித்தான், தத்தம் நேரத்தைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு முட்டி நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டியில் டேங்க் மூடியைத் திற. ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. குத்தூசி போதும், கார்ப்ரேட்டரைத் தொட வேண்டாம். ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்தால் மட்டும் துண்டிப்பு வந்தால், ஹெட்லைட் டூமுக்குள் சாவி வயரோ கில் சுவிட்ச் வயரோ உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டேங்கின் அடியைப் பார். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். என்ஜினுக்குப் போகும் குழாயும் அடியில்தானே இருக்கிறது. இரண்டு பிளக் வைத்து 2003இல் வந்த பல்சர் டிடிஎஸ்-ஐ வகை தனிச் சங்கதி: ஒரு பிளக் செத்தாலும் வண்டி ஓடும். இழுவையும் மைலேஜும் மட்டும் குறையும், மிஸ்ஸிங் என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

சூட்டில் மட்டும் ஐடிலிங் நிற்காத வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே குற்றவாளி பெரும்பாலும் நம் ஆள்தான். டேப்பட் சத்தம் கேட்கிறது என்று பார்ட்டி முகம் சுளித்ததும் சத்தம் அடங்கும் வரை திருகிவிடுகிறோம். நூறு சிசி வண்டிகள் பலவற்றில் டேப்பட் இடைவெளி 0.05 மி.மீ. அளவுதான், அதுவும் என்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளிறங்குவதால் இருக்கும் இடைவெளியும் சுருங்கும். சூடேறி வால்வுத்தண்டு நீண்டால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன் கசியும், ஐடிலிங் நடுங்கி அணையும். ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருக்கும். இந்த வண்டிக்கு ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகிச் சலித்தவர்கள் எத்தனையோ பேர். வால்வோ தன் இருக்கையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். லேசாகக் கிலுகிலுக்கும் டேப்பட் நல்ல டேப்பட் என்று பார்ட்டியிடம் சொல்லத் தயங்காதே.

நல்ல பாகத்தை மாட்டிப் பார்ப்பதும் சோதனைதானே என்று நீ கேட்கலாம். சோதனைதான், இரண்டு நிபந்தனையோடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. சரியானதும் பழையதை மறுபடி மாட்டிப் பார். கோளாறு திரும்பி வந்தால் அந்தப் பாகம்தான் காரணம். வராவிட்டால் உன் கை வேறெதையோ சரிசெய்திருக்கிறது, அதைத் தேட வேண்டும். புதிது என்பதாலேயே அது நல்லது என்றும் ஆகாது, சந்தையில் போலி பிளக்குகள் உண்டு. ஓடும் வண்டியிலிருந்து எடுத்த பிளக்கை நான் அதிகம் நம்புவேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்ப்ரேட்டரே இல்லை, ஸ்கேனர் மாட்டினால் கோளாறைச் சொல்லிவிடும் என்பார்கள். ஸ்கேனர், நாய் குரைத்த திசையைக் காட்டும்; திருடனைப் பிடித்துத் தராது. ‘பெட்ரோல் குறைவு’ என்று எரர் கோடு வந்தால் பலர் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். சைலன்சர் கேஸ்கெட்டில் காற்று புகுந்தாலும் அந்தச் சென்சார் அதையேதான் சொல்லும். பொறி விழாமல் எரியாத கலவை அப்படியே வெளியேறினாலும், அதிலுள்ள ஆக்ஸிஜனைப் பார்த்து அதையேதான் சொல்லும். அங்கே பெட்ரோல் குறையவே இல்லை. பேட்டரி இறங்கி பம்புக்கு அழுத்தம் போதாத வண்டியும் உண்டு. மீட்டர் வைத்து வோல்ட் பார்க்காமல் ஸ்கேனரைத் திறப்பது பழைய அவசரத்தின் புது வடிவம். காதாலேயே கண்டுபிடிக்கும் மேஸ்திரிகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். திக்கல் ஒரே சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா, முறுக்கும்போதா விடும்போதா என்றுதான் அவர்கள் காதும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் விடக் கனமான மறுப்பு காசு பற்றியது. பக்கத்துக் கடையில் அரை மணியில் பிளக் மாற்றி அனுப்பிவிடுவார்கள். பாகத்துக்குப் பணம் தருகிற பார்ட்டி, பார்த்ததற்குத் தரமாட்டார். நியாயமான பயம்தான். ஆனால் திரும்பி வரும் வண்டிக்கு நீ செய்யும் இரண்டாம் வேலை இலவசம் என்பதையும் கணக்கில் சேர். பில்லில் ‘செக்கிங்’ என்று தனி வரி போடு, தொகையை முன்கூட்டியே சொல். பழைய பிளக் கேப்பைக் கையில் கொடுத்து, கீறலின் ஓரம் கரி படிந்திருப்பதைக் காட்டினால் பேரம் பாதியாகக் குறையும். கோளாறு உன் முன்னால் வரவே மறுக்கும் வண்டிக்கு எதையும் மாற்றாதே, செக்கிங் காசு மட்டும் வாங்கு. சூட்டில் வருகிறதா மழையிலா, ரிசர்வ் விழும் சமயத்திலா, லைட் போட்டு ஓட்டும்போதா என்று கவனித்து வரச் சொல்லி அனுப்பிவிடு.