நொதிக்குத் திசை தெரியாது

ஒக்கலிபுரம், பெங்களூரு

அன்புள்ள தம்பி,

நொதியின் அளவை இரட்டிப்பாக்கினால் வினை 'முன்னோக்கித் தள்ளப்படும்' என்று உன் கணினி மாதிரியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். நொதி எதையும் தள்ளுவதில்லை. போகவும் வரவும் பாதையை ஒரே விகிதத்தில் அகலமாக்குகிறது, அவ்வளவுதான். நிகர ஓட்டம் எந்தப் பக்கம் என்பதைச் சேர்மங்களின் செறிவும் கட்டற்ற ஆற்றலும் முடிவு செய்கின்றன. ஒற்றை அம்புக்குறி போட்டே பழக்கிவிட்ட பாடநூல்களைத்தான் நோக வேண்டும்.

டிரையோஸ் பாஸ்பேட் ஐசோமெரேஸை எடுத்துக்கொள். மலேரியா ஒட்டுண்ணியிலுள்ள இந்த நொதியின் படிக அமைப்பை நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தார் 1997-இல் வெளியிட்டார்கள். உருவம் அங்கே கிடைக்கும், கணக்கை இங்கே பார். சர்க்கரை உடைபடும் வழியில் இது டைஹைட்ராக்சிஅசிட்டோன் பாஸ்பேட்டையும் கிளிசரால்டிஹைட் பாஸ்பேட்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுகிறது. சமநிலையில் முன்னது ஏறக்குறைய 20 பங்கு என்றால் பின்னது 1 பங்கு. கோழித் தசையின் நொதியில் அளந்த எண்கள் இவை: கிளிசரால்டிஹைடிலிருந்து கிளம்பினால் விநாடிக்குச் சுமார் 4300 சுற்று, மைக்கேலிஸ் மாறிலி 0.47 மில்லிமோலார், எதிர்ப்பக்கம் 430 சுற்று, 0.97 மில்லிமோலார். 4300-ஐ 0.47-ஆல் வகு, 430-ஐ 0.97-ஆல் வகு, முதல் விடையை இரண்டாவதால் வகு. வருவது 20.6. வேகத்தைப் பற்றிய நான்கு எண்களுக்குள் சமநிலை மாறிலி ஒளிந்திருக்கிறது! அப்படியானால் செல்லுக்குள் ஓட்டம் 20-லிருந்து 1-ஐ நோக்கி எப்படிப் போகிறது? அடுத்த நொதி கிளிசரால்டிஹைடை உடனுக்குடன் எடுத்துக்கொண்டே இருப்பதால். பள்ளம் முன்னால் வெட்டப்படுகிறது. பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை.

இந்த உறவை 'என்சைம்ஸ்' என்ற 1930-ஆம் ஆண்டு நூலில் எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் இந்தியாவுக்கே வந்து, கொல்கத்தாவில் பணியாற்றி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். மரபியலாளர் என்று மட்டும் அவரை நினைவு வைத்திருப்பது நம் சோம்பல். அந்த நூலைப் புரட்டாமலே மென்பொருளைத் திறக்கிறீர்கள்! அவர் சொன்னதன் பொருள் இதுதான்: நான்கு எண்களில் மூன்றைத்தான் நீ விரும்பியபடி வைக்கலாம், நான்காவதைச் சமநிலை மாறிலி வைக்கும். ஈஸ்டிலிருந்து ஒன்று, எலியின் கல்லீரலிலிருந்து ஒன்று என்று தரவுத்தளத்தில் பொறுக்கி நான்கையும் நிரப்பினால், வினைகள் வளையமாகச் சேருமிடத்தில் எரிபொருளே இல்லாமல் ஓட்டம் சுற்றும். இது நடவாது என்று வேதியியலாளர் வெக்‌ஷைடர் 1901-லேயே காட்டிவிட்டார். நந்தி மலையில் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கினாலும், புறப்பட்ட இடத்துக்கு வந்தால் ஏற்றமும் இறக்கமும் சமம். ஆகவே உயரத்தைப் பாதைக்குக் கொடுக்காதே, இடத்துக்குக் கொடு. அதாவது ஆற்றலை வினைக்கு அல்ல, ஒவ்வொரு சேர்மத்துக்கும் கொடு. அதிலிருந்து சமநிலை மாறிலிகளைக் கணக்கிட்டால் வளையங்கள் தாமே ஒத்துப்போகும்.

'உயிருள்ள செல் சமநிலையில் இல்லையே' என்பாய். இல்லைதான். ஆனால் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டாமா? ஆற்றல் மதிப்புகள் சோதனைக்குழாயில் அளந்தவை, செல்லில் அமிலத்தன்மையும் மக்னீசியமும் வேறு என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதற்கேற்பத் திருத்தத்தான் வேண்டும். திருத்திய பிறகும் பிழை மிஞ்சும். ஆனால் சேர்மத்தின் மதிப்பு பிழையானாலும் வளையம் உடையாது. மலையின் உயரத்தைத் தவறாக அளந்தவனும் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்தில்தான் நிற்பான். எல்லா வினைக்கும் எதிர்த்திசை வேண்டுமா என்றால், வேண்டாம். சிவப்பணுவில் ஹெக்சோகைனேஸ் வினையின் ஆற்றல் வீழ்ச்சி மோலுக்குச் சுமார் 33 கிலோஜூல். பின்னோட்டம் முன்னோட்டத்தில் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான். அதை விட்டுவிடலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்து விடு, படத்து அம்பை நம்பி விடாதே.

மாதிரியை அனுப்புமுன் ஒரு சோதனை செய். குளுக்கோஸ் வரத்தை நிறுத்து, வெளியேறும் வழிகளை எல்லாம் அடை, செறிவுகள் நிலைக்கும்வரை ஓடவிடு. ஒவ்வொரு வினையின் நிகர ஓட்டமும் சுழியாக வேண்டும். எங்காவது ஒரு வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த வளையத்திலிருந்து திருத்தத் தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியன்