முதியோரின் இருதயத் துடிப்பு

வயது முதிர்ந்தோர் விடியற்காலையில் கட்டிலைவிட்டுச் சட்டென்று எழுந்து, கண் இருண்டு விழுந்து, இடுப்பெலும்பு முறிவதை நம் கிராமங்களில் காண்கிறோம். வெறும் மயக்கம் என்று வீட்டார் சொல்லிவிடுவர். அதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

இருதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு திசுமுடிச்சு ஒன்று உண்டு. நரம்புகளில் ஒரு வகை அதனை விரைவுபடுத்தும். மற்றொரு வகை தணிக்கும். நாம் எழுந்து நிற்கையில் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து இரத்தக்குழாயிலுள்ள உணர்நரம்புகள் இதனை அறிவிக்க, இளைஞரின் இருதயம் சில விநாடிகளில் வேகம் பெறுகிறது. முதுமையிலோ அம்முடிச்சின் உயிரணுக்கள் குறைந்துவிடுகின்றன. நரம்பின் கட்டளைக்கு இருதயம் முன்போல் விரைந்து இணங்குவதில்லை. இது இருபாலார்க்கும் பொது. பெண்களின் துடிப்பு சராசரியாகச் சற்று மிகுதி. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பாகும். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. துடிப்பு தாறுமாறாயிருந்தாலும், 50க்குக் குறைந்து தலை சுற்றினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில துடிப்பைத் தணிப்பவை. எனினும் அவற்றைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தாகும்.

முதியோர் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை அசைத்த பின்னரே எழ வேண்டும். நியாயவிலைக் கடை வாயிலில் அவர்களை வெயிலில் நெடுநேரம் நிற்கவைப்பது நமக்கு அழகன்று. அங்கே ஒரு பந்தலும், பலகையும், குடிநீரும் அமைக்கப் பஞ்சாயத்திற்கு ஆகும் செலவு சொற்பமே.