கடிகாரத்தை எங்கே தொடங்குவது?

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவ இதழ்களில் வரும் உயிர்வாழ்வு வளைவுகளைப் படிக்கப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தாய். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் தொடங்கு. இந்த நோய் பெரும்பாலும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும்தான் பரவும். மூளையை எட்டுவது நூற்றில் சிலருக்கே. எட்டிவிட்டால் பலருக்கு மிஞ்சுவது சில மாதங்கள். ஆட்களும் குறைவு, காலமும் குறைவு என்பதால் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

முதல் சிக்கல், பாதியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவர்கள். ஊர் மாறிவிட்ட ஒருவரை இறந்தவராகக் கொள்வதா, பிழைத்தவராகக் கொள்வதா? எட்வர்ட் கப்லானும் பால் மெயரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி காட்டியது. கப்லான் பெல் ஆய்வகத்தில் கடலடித் தொலைபேசிக் கம்பிகளின் வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று ஆராய்ந்தவர். மெயர் மருத்துவப் புள்ளியியலாளர். தனித்தனியே இருவரும் ஒத்த விடையை எட்டியிருந்ததால் சேர்ந்து எழுத நேர்ந்தது.

அவர்கள் வழியில் கணக்கிட, பத்து நோயாளிகள் என்று வைத்துக்கொள். முதல் மாதம் ஒருவர் இறக்கிறார்: பிழைத்தவர்கள் 9/10. இரண்டாம் மாதம் ஒருவர் வராமல் போகிறார். மூன்றாம் மாதம், கண்காணிப்பில் உள்ள எட்டுப் பேரில் ஒருவர் இறக்கிறார்: 7/8. இரண்டையும் பெருக்கினால், மூன்று மாதம் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 79 விழுக்காடு. இப்படிக் கணக்கிட்டு வரையும் கோடுதான் உயிர்வாழ்வு வளைவு. காணாமல் போனவர் இருந்த நாள்வரைதான் கணக்கில் இருந்தார். அதற்குமேல் அவரைப் பற்றி எந்த ஊகமும் இல்லை. ஆனால் நோய் முற்றியதால்தான் அவர் வரவில்லை என்றால் இந்தக் கணக்கும் ஏமாற்றிவிடும்.

அடுத்தது, நாளை எண்ணத் தொடங்கும் இடம். ஒருவருக்குக் குடலில் புற்று கண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மூளையில் கட்டி தெரிகிறது. அதன்பின் அவர் ஐந்து மாதம் வாழ்கிறார். குடலிலிருந்து எண்ணினால் 41 மாதம், மூளையிலிருந்து எண்ணினால் 5. மேலும், மூளைக்குப் பரவும் முன்பே கல்லீரல் பாதிப்பால் இறந்தவர்கள் இந்த ஆய்வுக்குள் வரவே இல்லை. அதனால் முதல் எண் பொய்யாகப் பெருத்துவிடும்.

இதைவிட நுட்பமான பொறி, சிகிச்சைகளை ஒப்பிடும்போது காத்திருக்கிறது. அறுவை சிகிச்சை பெற்றவர் அந்த நாள்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். காத்திருக்கையில் இறந்தவர் 'அறுவை பெறாதோர்' பட்டியலில் விழுகிறார். அதனால் அறுவையின் பலன் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டின் இதய மாற்று சிகிச்சை முடிவுகளில் இதே குறையை மிட்செல் கெயில் 1972-இல் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு டேவிட் காக்ஸ் வெளியிட்ட புள்ளியியல் மாதிரியில், அறுவை நடந்த நாளிலிருந்து மட்டும் ஒருவரை 'அறுவை பெற்றோர்' பிரிவில் சேர்க்க வழி உண்டு. வயது, கட்டிகளின் எண்ணிக்கை, நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றையும் அதில் சேர்க்கலாம். அளக்காமல் விட்டதை அந்த மாதிரியாலும் சரிசெய்ய முடியாது. ஒற்றைக் கட்டியோடு நடமாடக்கூடியவரைத்தானே மருத்துவர் அறுவைக்குத் தேர்ந்தெடுப்பார்!

சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துப் பார்த்த ஆய்வுக்கு மதிப்பு அதனால்தான். 1990-இல் பேட்செல் குழு, ஒற்றை மூளைக் கட்டி உள்ள 48 பேரைப் பிரித்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டும் காலம், 40 வாரம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15 வாரம். அந்த 48 பேரில் பெரும்பாலோர் குடல் அல்ல, நுரையீரல் புற்றுநோயாளிகள் என்பதையும் மறக்காதே.

அடுத்த கட்டுரையைத் திறந்ததும், வளைவுக்குக் கீழே அந்தந்த மாதத்தில் எத்தனை பேர் கண்காணிப்பில் இருந்தார்கள் என்ற வரியை முதலில் பார். இரண்டே பேர் மிஞ்சிய இடத்தில் கோடு தட்டையாக ஓடினால், அதைக் காட்டி எந்தக் குடும்பத்துக்கும் நம்பிக்கை சொல்லிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்