செடிகளின் கருவூலம்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே பிரிந்து நீள்வது பழனிமலைத் தொடர். அதன்மேல், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் அமைந்துள்ளது. அங்குள்ள செடிகொடிகள் கண்ணுக்கு இனியன. அவற்றினுள் மறைந்திருக்கும் பொருள்களோ கருத்துக்கு விருந்தாவன.

கோடைக்கானலின் மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிராகின்றது. அது வேரன்று, மண்ணுள் பருத்த தண்டு. கதிரொளியின் துணையால் இலைகள் ஆக்கிய உணவு அதில் மாச்சத்து மணிகளாகத் தங்குகின்றது. அம்மணிகளின்மீது அயோடின் கரைசலை இட்டால் அவை கருநீலமாகும். முளைக்கும் செடிக்குத் தாய்ச்செடி அளித்த கட்டுச்சோறு அது. ஆயினும், வெயில் பட்டுப் பசுமையேறிய கிழங்கில் சோலனின் என்னும் நஞ்சு மிகும், அதனை உண்ணலாகாது.

மலைவாழையின் காயிலும் மாச்சத்து உண்டு. காய் கனியும்போது அது சர்க்கரையாக மாறுகின்றது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்த விருப்பாட்சி வாழை இனிப்பது இம்மாற்றத்தினாலேயே.

செடி சேர்த்து வைப்பன யாவும் உணவல்ல. சேம்பு, கருணை ஆகியவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, ஊசி போன்ற படிகங்களாகக் கட்டுக்கட்டாக அமைந்துள்ளது. மிகுந்துபோன சுண்ணச்சத்தைச் செடி இவ்வாறு ஒதுக்கி வைக்கின்றது. தன்னைத் தின்ன வரும் உயிர்களையும் இதனால் விலக்குகின்றது. பச்சையாக உண்பார் நாவிலும் தொண்டையிலும் அவ்வூசிகள் தைத்து அரிப்பை விளைக்கும். இதுபற்றியே நம் முன்னோர் அக்கிழங்குகளைப் புளி சேர்த்து நன்கு வேகவைத்து உண்டனர். புல்லின் ஓரம் கையை அறுப்பதும் அதில் படிந்த சிலிக்கா என்னும் மணற்சத்தின் செயலே.

சீகை மரம் எனப்படும் வாட்டிலின் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் செறிந்துள்ளது. மரத்துக்கு அது காவல். மனிதனுக்குத் தோல் பதனிடும் சரக்கு. அதன்பொருட்டு ஆஸ்திரேலிய நாட்டு மரமாகிய சீகை இம்மலையில் பெருக்கப்பட்டது. நட்ட இடத்தோடு நில்லாது அது புல்வெளிகளிலும் பரவிற்று. சீகை, பைன், தைல மரத் தோப்புகளும் விளைநிலங்களும் பெருகியமையால், 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் பழனிமலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்தது. மழைநீரை ஏற்று ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக வழங்குவன அப்புல்வெளிகள்.

பட்டையின் பயனைக் கண்ட மனிதன் புல்லின் பயனைக் காணத் தவறினான். இயற்கையின் கருவூலத்தைத் திறக்குமுன், அதனால் வரும் ஆக்கத்தையும் கேட்டையும் ஒருங்கே ஆராய்தல் அறிவுடையார் கடனாகும்.