ஒளியால் இறுகும் பசை

உடைந்ததைப் பொருத்துதலும் பிரிந்ததை இணைத்தலும் மக்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழில்களாம். வேம்பின் பிசினும், அரிசிக் கஞ்சியும், தச்சர் காய்ச்சும் வச்சிரமும் நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயின்றுவந்த பசைகள். நோவாவின் பேழையும் மோசே கிடத்தப்பெற்ற நாணற்பெட்டியும் கீலினால் நீர் புகாவாறு காக்கப்பட்டமை திருமறை பயில்வார் யாவரும் அறிந்ததே. இக்காலத்திலோ, சிறு குழாய் ஒன்றும் பேனா வடிவிலமைந்த சிறு விளக்கு ஒன்றும் ஒருங்கே கடைகளில் விற்கப்படுகின்றன. குழாயிலுள்ள நீர்மத்தை உடைப்பிலிட்டு விளக்கின் ஒளியை அதன்மேற் செலுத்தினால், சில நொடிகளில் அது கல்லென இறுகுகின்றது. இதனை ஒளியால் இறுகும் பசை என்பர். இஃது இறுகும் முறை யாது, எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்துப் பயன்படாது, கையாளுங்கால் காக்கவேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இலக்கணத்தில் சாரியை என்பது நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடையே நின்று அவ்விரண்டினையும் இயைவிக்கும். பசையும் அத்தகையதே. அது நீர்மமாக இடப்பட்டுத் திண்மமாக மாறி இரு பொருள்களைப் பிணிக்கின்றது. அம்மாற்றத்திற்குரிய காரணம் பற்றி நம் இல்லங்களிற் பயிலும் பசைகளை ஐவகையாகப் பகுக்கலாம். கஞ்சியும் மரவேலைக்குரிய வெண்பசையும் நீர் உலர்தலால் இறுகுவன. உருக்கி இடப்படும் பசைக்கோல் சூடு ஆறுதலால் இறுகுவது. எபாக்சி என்னும் இரட்டைப்பசை இரு பொருள்கள் கலத்தலால் இறுகுவது. நொடிப்பொழுதில் விரலையும் ஒட்டிவிடும் சயனோஅக்ரிலேட் பசை, காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுவது. அமெரிக்க வேதியியலாராகிய ஹாரி கூவர் என்பார், துப்பாக்கியின் குறிநோக்கிக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்டிக்கை 1942ஆம் ஆண்டில் தேடியபோது கண்ட பொருள் இது. 1958ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஐந்தாம் வகையே ஒளியால் இறுகுவது.

முன்னைய நான்கு வகையிலும், பசையை இட்ட அப்பொழுதே காலம் ஓடத் தொடங்கிவிடுகின்றது. துண்டு சற்றே கோணினும் திருத்துதற்கு அவகாசம் குறைவு. ஐந்தாவதிலோ, ஒளி படுமளவும் பசை நீர்மமாகவே காத்திருக்கும். துண்டுகளைப் பொருத்தியும் நகர்த்தியும் ஒழுகியதைத் துடைத்தும் முடித்தபின்னர், நாம் விரும்பும் நேரத்தில் ஒளியைக் காட்டி இறுகச் செய்யலாம். இதுவே இப்பசையின் தனிச்சிறப்பு. இச்சிறப்பினுள்ளேயே இதன் குறையும் அடங்கியிருத்தலைப் பின்னர்க் காண்பாம்.

ஒளி ஒரு பொருளை இறுகச் செய்யும் என்பது புதிதாகக் கண்ட உண்மையன்று. பிரான்சு தேயத்தினராகிய நிசெபோர் நியெப்ஸ் என்பார், யூதேயா நிலக்கீலை வெள்ளீயக் கலப்புத் தகடொன்றில் மெல்லெனப் பூசி, இருட்பெட்டியினுள் வைத்துத் தம் வீட்டுச் சாளரத்தினின்று தோன்றிய காட்சியை அதன்மேல் விழச்செய்தார். ஒளி பட்ட இடத்துக் கீல் இறுகியது. படாத இடத்துக் கீல் லவெண்டர் எண்ணெய் கலந்த கரைப்பானாற் கழுவப்பட்டு நீங்கியது. 1826 அல்லது 1827ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் அத்தகடே, இருட்பெட்டியால் எடுக்கப்பட்டு இன்றளவும் எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழையது. ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் இறுகாது என்னும் அவ்வொரு விதியே இக்காலப் பசைக்கும் அடிப்படை.

இனி, இறுகும் முறையை நோக்குவாம். குழாயிலுள்ள நீர்மம் பெரும்பாலும் அக்ரிலேட், மெத்தக்ரிலேட் என்னும் இனத்தைச் சார்ந்த சிறு மூலக்கூறுகளின் திரள். அவை கோக்கப்படாத சங்கிலிக் கண்ணிகளை ஒப்பன. அவற்றோடு ஒளித்தொடங்கி என்னும் பொருளொன்று சிறிதளவு கலக்கப்பட்டிருக்கும். தனக்குரிய ஒளியை அஃது உட்கொண்டவுடன் தனியுறுப்புகள் என்னும் அடங்காத் துணுக்குகள் தோன்றுகின்றன. ஒரு துணுக்கு ஒரு மூலக்கூற்றைப் பற்ற, அது மற்றொன்றைப் பற்ற, இவ்வாறே ஆயிரக்கணக்கானவை தொடர்ந்து பின்னி வலைபோலாகின்றன. அவ்வலையே நாம் காணும் திண்மம்.

எல்லா ஒளியும் எல்லாப் பசைக்கும் ஏலாது. வீட்டு வேலைக்கு விற்கப்படும் பேனா விளக்குகள் பெரும்பாலும் 395 முதல் 405 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஊதா ஒளியைத் தருவன. பல் மருத்துவர் பற்குழியை அடைத்து நீலவொளி காட்டுதலைப் பலரும் கண்டிருப்பர். அவ்வடைப்பிலுள்ள ஒளித்தொடங்கி பெரும்பாலும் கேம்பர்குவினோன் என்பது. அஃது 470 நானோமீட்டரை அடுத்த நீலவொளியை உட்கொள்ளும். நாம் நன்கறிந்த கற்பூரத்தினின்றே அப்பொருள் ஆக்கப்படுகின்றது என்பது வியப்பிற்குரிய செய்தி. அம்மருத்துவர் அடைப்பினை ஒருசேர நிரப்பாது, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்கடுக்காக இட்டு ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒளி காட்டுதல் வழக்கம். ஒளி ஆழச் செல்லச் செல்ல மெலிதலே அதற்குக் காரணம்.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்குமுன் வீட்டிற் கற்க நேர்ந்தது. என் பாட்டியாரின் மூக்குக்கண்ணாடிச் சட்டம் நடுவில் முறிந்தது. அது நிறமற்ற, ஒளி புகும் சட்டமாதலின், இப்பசையை மெல்லிய அடுக்குகளாக இட்டு ஒளிகாட்டி ஒட்டினேன், இன்றும் உறுதியாகவுள்ளது. அவ்வெற்றியால் உண்டான துணிவினால், கைப்பிடி கழன்றிருந்த அவருடைய பீங்கான் காப்பிக் கிண்ணத்தையும் அவ்வாறே ஒட்டினேன். விளிம்பைச் சுற்றிலும் பசை கண்ணாடிபோல் மின்னி இறுகியிருந்தது. நகத்தாற் கீறியும் அசையவில்லை. மறுநாட் காலையில் சுடுகாப்பியோடு அவர் கிண்ணத்தை எடுத்த அளவில், கைப்பிடி கையில் நிற்கக் கிண்ணம் மடியில் வீழ்ந்தது. குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றியும் மணிக்கட்டிற் கொப்புளம் எழுந்தது. கைப்பிடியின் உட்புறத்தை நோக்கினேன். விளிம்பிற் காகிதத்தின் கனமே பசை இறுகியிருந்தது. நடுவிலோ முதல்நாள் இட்டவாறே ஈரமாயிருந்தது. “வெளியே பார்த்த இடமெல்லாம் நன்றாய்த்தானே இருந்தது, ராசா, உள்ளே யார் பார்த்தது?” என்றார் பாட்டியார். கடிந்து கூறினாரல்லர், எனினும் அச்சொல் இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆதலின், இப்பசையைத் தேர்வதற்குமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: பசை நிற்கும் இடமெங்கும் ஒளி சென்று சேருமா? இணைக்கும் இரண்டனுள் ஒன்றேனும் ஒளி புகுவதாயிருத்தல் வேண்டும். கண்ணாடியோடு கண்ணாடியும், கண்ணாடியோடு உலோகமும் ஒட்டலாம். மரத்தோடு மரமும், பீங்கானோடு பீங்கானும் இதனால் ஒட்டுதல் ஆகாது. அவற்றிற்கு முறையே வெண்பசையும் இரட்டைப்பசையும் உரியன. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவன யாவும் இவ்வொளியைப் புகவிடும் என்றும் கருதற்க. மூக்குக்கண்ணாடி வில்லைகளாகப் பயன்படும் பாலிகார்பனேட் முதலியன புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஐயம் உளதாயின், ஒரு துளிப் பசையைப் பழந்தட்டொன்றில் இட்டு, ஒட்டவேண்டிய பொருளை அதன்மேல் இடைவெளிவிட்டுப் பிடித்து, அப்பொருளின் வழியாகவே ஒளி காட்டுக. துளி இறுகினால் ஒட்டலாம். இறுகாவிடின் வேறு பசையை நாடுக.

ஒளி செல்லினும் ஒட்டாத இடங்களும் உள. வாளி, குடம், உணவுப்பெட்டி முதலியன பெரும்பாலும் பாலித்தீன், பாலிப்புரொப்பிலீன் என்பவற்றால் ஆனவை. அவற்றில் இப்பசை பற்றாது உரிந்துவிடும். சூடேறும் பாண்டங்களுக்கும், உணவு நேரே படும் இடங்களுக்கும், மின்னோட்டமுள்ள வீட்டுக் கம்பிகளுக்கும் இதனை நம்புதல் தகாது. கேட்பொறியின் மெல்லிய வடத்தில் உறை வெடித்த இடத்தை மூடுதற்கும், விளையாட்டுப் பொம்மையில் உதிர்ந்த மூலையை நிரப்புதற்கும் இது மிக ஏற்றது.

செய்முறை வருமாறு: முதற்கண், ஒட்டும் பரப்பினை எண்ணெய்ப்பசையும் தூசும் அறத் துடைத்து உலர்த்துக. வழவழப்பான பிளாஸ்டிக்காயின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க. வெயிலும் சாளரமும் அணுகாத இடத்தில் அமர்க. நம் நாட்டுப் பகலொளியே பசையை இறுக்க வல்லதாதலின், திண்ணையில் அமர்ந்து வேலை செய்வார்க்குக் குழாயின் மூக்கே அடைத்துக்கொள்ளும். பசையை மெல்லிதாக இட்டு, துண்டுகளைப் பொருத்தி அசையாது பிடித்து, குறிப்பிட்ட நேரம் ஒளி காட்டுக. கனம் வேண்டின் அடுக்கடுக்காக இடுக. ஒருங்கே மிகுதியாக இட்டால் அடிப்பகுதி இறுகாதொழிவதோடு, இறுகுங்காற் பிறக்கும் வெப்பம் மிகும். பசை சுருங்குதலால் விரிசலும் காணும். முடிவில் மேற்பரப்புச் சற்றே பிசுபிசுக்கலாம். காற்றிலுள்ள உயிர்வளி மேற்பரப்பில் இறுகுதலைத் தடுத்தலே அதற்குக் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தால் நீங்கும்.

ஓய்வுநேரக் கைவினைக்கும் இப்பசை உதவும். உலர்த்திய சிறு மலரைத் தெளிந்த பசையில் அடுக்கடுக்காகப் பதித்துப் பதக்கமாக்கலாம். மாதிரி விமானத்தின் தெளிந்த சாளரங்களைக் கறைபடாது ஒட்டலாம். மேலைநாட்டில் தூண்டிலிற் கட்டும் செயற்கை ஈயின் தலையை இதனால் அமைப்பர்.

காக்கவேண்டுவன மூன்று. முதலாவது தோல்: இறுகாத அக்ரிலேட் நீர்மம் பலமுறை பட்டால் ஒவ்வாமை தோன்றக்கூடும்; ஒருமுறை தோன்றின் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது, பின்னர்ப் பல் அடைப்பு முதலியவற்றாலும் துன்பம் நேரலாம். ஆதலின் நைட்ரைல் கையுறை அணிக; அதிற் பசை பட்டவுடன் மாற்றுக. தோலிற் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. இரண்டாவது கண்: விளக்கை நேரே நோக்கற்க, அதற்குரிய காப்புக்கண்ணாடி அணிக, சிறுவர் கையில் விளக்கைத் தரற்க. மூன்றாவது எச்சம்: மிஞ்சிய பசையைச் சாக்கடையில் ஊற்றாது, வெயிலில் வைத்து முற்றும் இறுகச்செய்து எறிக.

அக்கைப்பிடியைப் பின்னர் இரட்டைப்பசையால் ஒட்டினேன். ஆயினும் சூடான பானத்தை அதிலிடப் பாட்டியாரும் ஒருப்படவில்லை, யானும் துணியவில்லை. அஃது இப்பொழுது என் எழுதுகோல்களைத் தாங்கி மேசைமீது நிற்கின்றது. தேர்வுக்குப் பாடங்களைப் புறத்தே மனனஞ்செய்து மின்னச் செய்யுங்கால், அக்கிண்ணம் என்னை நோக்கி வினவுவதுபோல் தோன்றும். விளிம்பில் மட்டும் ஒளி பட்ட கல்வியும் அக்கைப்பிடி போன்றதே; பாரம் ஏறிய நாளில் அதன் உள்ளீரம் வெளிப்படும். ஒட்டுமுன் ஒளி உள்ளே செல்லுமோ என ஆராய்தல் பசைக்கு மட்டுமன்றி, அதனைக் கையாளும் நமக்கும் உரிய கடமையாம்.