கதவோரக் காவலன்

திருப்பூரையும் அவிநாசியையும் இணைக்கும் சாலையில் அமைந்துள்ளது எங்கள் திருமுருகன்பூண்டி. பனியன் கம்பெனி வேன்களும் சரக்கு லாரிகளும் கார்களும் இச்சாலையில் ஓய்வின்றிச் செல்கின்றன. குறுக்குச் சாலைகள் வந்து கூடும் இடங்களில் ஒரு வண்டி மற்றொன்றின் பக்கவாட்டில் மோதிவிடும் அபாயம் உண்டு. அத்தகைய மோதலில் காரில் இருப்போரைக் காப்பது பக்கவாட்டுக் காற்றுப்பை, அதாவது ஏர்பேக். மோதலை அறிந்து அதற்குச் செய்தி அனுப்புவது கதவோரத்தில் மறைந்திருக்கும் ஒரு சிறிய உணரி. அவ்வுணரி பழுதுபட்டால் அதை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பக்கவாட்டு மோதலின் தன்மை

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதற் பாடமாகிய இயக்க விதிகளில் கணத்தாக்கு பற்றிப் படிக்கிறோம். உந்தம் மாறுவதற்கு எடுக்கும் நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும். கிரிக்கெட் ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது இதனாலன்றோ? காற்றுப்பையும் அவ்வாறே நேரத்தை நீட்டி அடியைத் தணிக்கிறது.

காரின் முன்புறம் மோதினால் எஞ்சின் இருக்கும் பகுதி நசுங்கி அடியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டிலோ, நமக்கும் மோதும் வண்டிக்கும் இடையே இருப்பது ஒரு கதவு மட்டுமே. எனவே ஏறத்தாழ பத்து மில்லி விநாடி அளவிலேயே பை விரியத் தொடங்க வேண்டும். நாம் ஒருமுறை கண்ணிமைக்க இதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான நேரம் ஆகும்!

இப்பை நைலான் நூலால் நெய்யப்படுவது. பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், காற்றையும் கசியவிடும் என்பது நம் ஊரார்க்குச் சொல்லாமலே விளங்கும். அதனால்தான் இங்கே பின்னல் துணி பயன்படாது, நெருக்கமான நெசவுத் துணியே பயன்படும்.

உணரி செயல்படும் விதம்

மோதலை உணரும் கருவி ஒன்றை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் பிரீட் உருவாக்கினார். ஒரு குழாயில் இரும்புக் குண்டொன்றைக் காந்தம் பிடித்துவைத்திருக்கும். பலமாக மோதும்போது குண்டு விடுபட்டு ஓடி மின்சுற்றை மூடும். இன்றைய உணரிகள் மின்னணுச் சில்லுகளால் ஆனவை. பக்கவாட்டு உணரிகளில் இருவகை உண்டு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூணில் பொருத்தப்படுவது திடீர் வேகமாற்றத்தை அளக்கும். கதவினுள் பொருத்தப்படுவது, கதவு நசுங்கும்போது உள்ளே உயரும் காற்றழுத்தத்தை அளக்கும். இவை அனுப்பும் செய்தியைக் காரின் நடுவிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி தன் சொந்த உணரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பையை விரிக்கக் கட்டளையிடும்.

பழுதறியும் முறை

சாவியைத் திருப்பியதும் ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது உண்டு. அறவே எரியாவிட்டாலும் பழுதே! பழைய கார் வாங்கும் பெற்றோர் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தவுடன் உணரியை மாற்றிவிடுவது சிலர் வழக்கம். காய்ச்சல் என்றதும் காரணம் அறியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது இது. பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்யும் முறை வருமாறு:

1. ஸ்கேனர் கருவியை இணைத்துப் பழுதுக் குறியீட்டைப் படித்தல். பழுது இப்போது உள்ளதா, முன்பு வந்து போனதா என்பதையும் அது காட்டும்.

2. பாட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு கூறும் நேரம் காத்திருத்தல். கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருப்பதால், அவசரப்பட்டால் பை விரிந்து காயம் ஏற்படலாம்.

3. இணைப்பிகளில் ஈரம், துரு, தளர்ச்சி உள்ளனவா எனப் பார்த்தல். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் மழைநீர் உள்ளே தேங்கும்.

4. கீல் அருகே ரப்பர் உறைக்குள் செல்லும் கம்பிகளைச் சோதித்தல். கதவைத் திறந்து மூடும்தோறும் அவை வளைவதால் உள்ளே அறுந்திருக்கலாம். இரு முனைகளையும் கழற்றிய பிறகே மீட்டரால் அளக்க வேண்டும். பையின் தீமூட்டியில் மீட்டரை வைக்கவே கூடாது.

5. கம்பிகள் நன்றாக இருந்து, கையேடும் அனுமதித்தால், இடப்புற உணரியை வலப்புறத்துடன் மாற்றிப் பார்த்தல். குறியீடும் இடம் மாறினால் உணரியே குற்றவாளி. மாறாவிட்டால் கம்பியையோ கட்டுப்பாட்டுப் பெட்டியையோ ஐயுற வேண்டும்.

பெட்டியிலும் பழுது நேரலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி நிறுவனம் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்க 17,362 கார்களைத் திரும்ப அழைத்து, தேவைப்பட்டவற்றுக்கு இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது.

விளக்கு சொல்லாத குறையும் ஒன்றுண்டு. கண்ணாடி ஏற்றும் பொறியைப் பழுது பார்த்தபின் கதவினுள்ளே இருக்கும் மூடுதாளைச் சரியாக ஒட்டாமல் விட்டால், மோதும்போது காற்றழுத்தம் போதிய அளவு உயராமல் போகலாம். உணரி நலமாகவே இருப்பதால் விளக்கு எரியாது, ஆயினும் காப்பு குறைந்துவிடும்.

நாம் செய்யத்தக்கது

இச்சோதனைகளை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து. ஆனால் கேள்வி கேட்பது நம் கடமை. “என்ன குறியீடு வந்தது? கம்பியைச் சோதித்தீர்களா? மூடுதாளை ஒட்டினீர்களா?” என்று பட்டறையில் கேட்கும் பெற்றோரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. இருக்கை வார் அணிவதையும் மறக்கலாகாது, ஏனெனில் காற்றுப்பை அதற்குத் துணையேயன்றி மாற்று அன்று.

வண்டி வழக்கம்போல் ஓடுகிறதே என்று அச்சிவப்பு விளக்கைப் பலர் பல மாதம் பொருட்படுத்துவதில்லை. உணரியின் தேவை ஒரு நொடியின் சிறு பங்கில்தான் வரும். அந்நேரத்தில் அதைப் பழுது பார்க்க எவராலும் இயலாது. ஆகவே தோழியரே, இன்று மாலை உங்கள் வீட்டுக் காரில் அவ்விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள்!