ஊர் கூடும் முற்றத்தில் தேர்தல்

தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் பங்குப் பேரவை, ஜமாஅத், கோயில் கமிட்டி என்று தேடி வருகிறார்கள். ஊர் கூடுவதும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதும் அங்கேதானே. 2011-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துத் திரண்ட இடிந்தகரை மக்களும் லூர்து மாதா ஆலயத்தின் முன்தான் பந்தலில் உட்கார்ந்தார்கள். கடற்கரைப் பெண்களுக்கு வேறு எந்த மேடை இருந்தது? அந்த நம்பிக்கை கெடாமல் இருக்க, நிர்வாகிகளுக்குச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• வாக்காளர் பட்டியலை வைத்து வீடு வீடாகப் பெயர் பாருங்கள். 18 வயது நிரம்பிய பிள்ளைக்குப் படிவம் 6, வீடு மாறியவருக்குப் படிவம் 8. ஒரு சபை செய்யக்கூடிய பெரிய அரசியல் பணி இதுதான் என்பேன்.

• 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்கான படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். பல வீடுகளுக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்.

• குடிநீர், தூண்டில் வளைவு, கல்லறைக்குப் பாதை என்று ஊர்த் தேவைகளைப் பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். எல்லா வேட்பாளருக்கும் அதே தாளைக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பிரசங்கத்திலோ குத்பாவிலோ "நம்ம ஆளுக்கே போடுங்க" என்று சொல்லாதீர்கள். வேட்பாளரின் சம்மதத்தோடு மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டால், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவுப்படி அது முறைகேடு. வென்ற தேர்தலே செல்லாமல் போகலாம். வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் அப்படியே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

• வழிபாட்டு வளாகத்தில் அரசியல் கூட்டம் வேண்டாம். மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கட்சிப் பிரசாரத்தை மட்டும் தடுக்கவில்லை. அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினைக்கான கூட்டமும் வசூலும் அதில் அடங்கும். ஐந்து ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பிழைப்புக்காகக் குரல் கொடுப்பவர்களையும் தொடும் இவ்வளவு அகலமான விதியில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் மாட்டுவது நிர்வாகிதான். ஊர்த் திடலில் கூட்டம் போடுங்கள்.

• கோபுரத்துக்கு வண்ணம், பள்ளிவாசலுக்கு மைக் செட் என்று வேட்பாளர் நீட்டும் பணத்தைத் தொடாதீர்கள்.

• வேறு கட்சிக்கு வாக்களித்த குடும்பத்திடம் வரி வாங்க மறுக்காதீர்கள். கல்யாணத்துக்கு ஓலை எழுதித் தர இழுத்தடிக்காதீர்கள். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால், முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.